விழா போதாது, கிழமை வேண்டும்

யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் 2017-இல் சென்னையை இசை நகரமாகச் சேர்த்துக்கொண்டது. அந்தச் செய்தியை நம்பி ஒருவர் சென்னையின் மேற்குப் புறநகரான பூந்தமல்லியின் பேருந்து நிலையத்தில் ஏதோ ஒரு புதன்கிழமை சாயங்காலம் இறங்கி, “உங்க ஊர்ப் பாட்டை இன்னிக்கு எங்கே கேட்கலாம்?” என்று பழக்கடைக்காரரை விசாரித்தால் அவர் முழிப்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆடி மாசம் வாங்க சார்” என்பார். பக்கத்தில் நிற்கும் ஆட்டோக்காரர் “யாராவது செத்தா கேட்கலாம்” என்று சொன்னால், அதில் பாதி கிண்டல், பாதி உண்மை. இதே கேள்வியை அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கேட்டால், எந்த மதுவிடுதி, எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கடைக்காரரே சொல்லிவிடுவார். இரவு ஒன்பது மணிவாக்கில் அங்கே ஒரு மூலை மேசையைச் சுற்றி ஃபிடிலும் குழலும் கான்செர்ட்டினாவுமாக நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது, பொன்னாடையும் வரவேற்புரையும் கிடையாது. அதைக் கேட்பதற்கென்றே எங்கெங்கிருந்தோ பயணிகள் வருகிறார்கள். பூந்தமல்லிப் பக்கம் பாட்டுக்குப் பஞ்சமில்லை, கிழமைக்குத்தான் பஞ்சம். அந்தக் கிழமையை உண்டாக்குவது நகராட்சியும் அரசும் செய்யக்கூடிய, செலவு குறைந்த காரியம் என்பதே என் வாதம்.

முதலில், இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். ஆடி பிறந்தால் திருவேற்காட்டுக்கும் மாங்காட்டுக்கும் போகும் சாலைகள் மஞ்சளாகிவிடுகின்றன. அந்தப் பெரிய கோயில்களை விடுங்கள். குமணன்சாவடி, கரையான்சாவடி, நசரத்பேட்டை, திருமழிசை என்று சுற்றுவட்டாரமெங்கும் தெருவுக்கொரு அம்மன் உண்டு. ஒவ்வொன்றுக்கும் கூழ் வார்க்கும் ஞாயிறு ஒன்று உண்டு. அன்றைக்குப் பம்பை, உடுக்கை, சிலம்போடு பம்பைக்காரர்கள் வருவார்கள். கரகம் ஜோடித்து, வர்ணிப்புப் பாடி, அம்மனை அழைப்பார்கள். பாட்டின் வேகம் ஏற ஏற யாருக்கு மருள் வரும் என்று கூட்டம் காத்திருக்கும். இந்தத் தொண்டை மண்டலத்துத் திரௌபதி அம்மன் கோயில்களிலோ பங்குனி, சித்திரை தொடங்கி ஆடி வரை பாரதம் நடக்கிறது. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் தெருக்கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம், சாயங்காலம் தீமிதி. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும் பின்பாட்டுக்காரர்களும் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் விடிந்துதான் எழுந்திருப்பார்கள். அவ்வளவு நேரம் தொடர்ந்து பாடும் தொண்டை வேறெந்த இசையில் இருக்கிறது என்று தெரியவில்லை. பிறகு கானா. வடசென்னையின் சொத்து என்று பெயர் வாங்கியது. வேலைக்காகவும் குறைந்த வாடகைக்காகவும் மேற்கே நகர்ந்த குடும்பங்களோடு அதுவும் நகர்ந்துவிட்டது. சாவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் விடிய விடிய, பதினாறாம் நாளில், நினைவு நாளில், சாலையை மறித்துப் போட்ட பந்தலில் தபலாவும் டோலக்கும் வைத்துக்கொண்டு பாடுவது கானா. தேவாவின் மெட்டுகளில் அது சினிமாவுக்குள் நுழைந்தது. 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் பாடியபோது, தமிழ்நாடே அதைத் தாளம் போட்டுக் கேட்டது. இவற்றோடு பறை, நையாண்டி மேளம், ஆவடி வழியாக ஓடும் மின்சார ரயிலில் சின்ன ஒலிபெருக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாடிவரும் பார்வையற்ற பாடகர்கள். இத்தனையும் ஒரு மணி நேரப் பேருந்துப் பயண வட்டத்துக்குள் கிடைப்பவை.

இவ்வளவு இருந்தும் அந்தப் பயணி வெறுங்கையோடு திரும்புவது ஏன்? இந்த இசை ஒவ்வொன்றும் ஒரு சடங்கு நாளோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்த நாளை அறிந்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள், அந்த வீட்டின் உறவுக்காரர்கள். கூத்துக் குழுவுக்குத் தாம்பூலம் கொடுத்து நாள் குறிப்பவர்கள் ஊர்ப் பெரியவர்கள். செய்தி கோயில் பத்திரிகையிலும் சுவரொட்டியிலும் வரும். அந்தச் சுவரொட்டி ஊர் எல்லையைத் தாண்டி ஒட்டப்படுவதில்லை, ஒட்ட வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. சாவு வீட்டுக் கானாவுக்கு அழைப்பிதழே கிடையாது. ஆகவே நான் சொல்லும் பயணி அயல்நாட்டவராக இருக்க வேண்டியதில்லை. அம்பத்தூரில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒருவர், இரண்டு கிலோமீட்டர் தள்ளி விடிய விடிய நடக்கும் ‘கர்ண மோட்சம்’ கூத்தை அறியாமலே தூங்கி எழுகிறார். இந்த இசையைப் பொறுத்தவரை அவரும் வெளியூர்க்காரர்தான். இதை மார்கழி சபாக்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு உறைக்கும். எந்த சபா, என்ன தேதி, எத்தனை மணி, யார் பாட்டு, யார் மிருதங்கம், எந்தக் கேண்டீனில் என்ன டிபன் என்பது வரை பத்திரிகைகளிலும் கையேடுகளிலும் முன்கூட்டியே அச்சாகிறது. கர்நாடக இசையின் ரசிகர் திருச்சியிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ பயணத்தைத் திட்டமிட்டு வரலாம். கூத்துக்கும் வர்ணிப்புக்கும் அப்படி ஒரு நிகழ்ச்சி நிரலை யாரும் அச்சடித்ததில்லை. இசையின் தரத்தில் உள்ள வேறுபாடு என்று இதைச் சொல்ல முடியாது. யாருடைய இசைக்கு நாட்காட்டி போடப்படுகிறது என்கிற வேறுபாடு இது.

அயர்லாந்துக்காரர்கள் ஆதிகாலந்தொட்டு மதுவிடுதியில் வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அங்கேயும் இந்த இசை வீட்டு அடுப்படியிலும் ஊர் நாற்சந்தியிலும், ஆட்டத்துக்காக, கல்யாணத்துக்காக, இழவு காக்கும் இரவுக்காக வாசிக்கப்பட்டதுதான். 1935-இல் அங்கே பொது நடனக் கூடங்கள் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் பொது நடனம் நடத்தக் கூடாது என்றது சட்டம்; பாதிரிமாரும் காவலர்களும் சேர்ந்து வீடுகளில் நடந்த ஆட்டங்களின் மீதும் அதைப் பாய்ச்சினார்கள். இன்னொரு பக்கம் ஊரே வேலை தேடி இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. லண்டனின் கேம்டன் டவுன், கெண்டிஷ் டவுன் பகுதிகளில் கட்டட வேலை செய்த ஐரிஷ் இளைஞர்கள் ஒரே அறையில் பல பேராகத் தங்கியிருந்தார்கள். வாசிக்க அடுப்படி இல்லை, நாற்சந்தியும் அவர்களுடையது இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அவர்கள் மதுவிடுதியின் மூலையில் உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். 1951-இல் அயர்லாந்தின் முல்லிங்கர் நகரில் இசைக்கலைஞர்களின் சங்கம் உருவாகி, ஆண்டு விழா தொடங்கியது. 1960களில் டப்ளினின் ஓ’டொனஹியூஸ் விடுதியில் பாடித் திரிந்தவர்கள்தாம் ‘தி டப்ளினர்ஸ்’ என்று உலகப் புகழ் பெற்றார்கள். இன்றைக்குச் சுற்றுலாக் கையேடுகள் பழம்பெரும் மரபு என்று விற்பனை செய்வது, ஊரை விட்டு வந்த கூலித் தொழிலாளர்கள் முக்கால் நூற்றாண்டுக்கு முன்னால் தேவைக்குக் கண்டுபிடித்த ஏற்பாடு. திருமழிசை, நசரத்பேட்டைப் பக்கம் ஒரே அறையில் பல பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா, பிகார் தொழிலாளர்களுக்கும் வாசிக்க அடுப்படி இல்லை என்பது இங்கே நினைவுக்கு வராமல் போகாது.

இப்படி உண்டான ஏற்பாட்டைச் சட்டம் எவ்வளவு எளிதாகக் கலைத்துவிடும் என்பதற்கு இங்கிலாந்து உதாரணம். அங்கே மதுவிடுதியில் இரண்டு பேர் வரை இசைக்கத் தனி அனுமதி தேவையில்லை என்று ஒரு பழைய விதி இருந்தது. 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் அதை நீக்கியது. ஒருவர் கிதாரோடு உட்கார்ந்தாலும் விண்ணப்பம், கட்டணம், அனுமதி என்றாயிற்று. சின்ன விடுதிகள் பலவற்றுக்கு அந்தத் தலைவலியே வேண்டாம் என்றாகிவிட்டது. கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு, 2012-இல் நேரடி இசைச் சட்டம் வந்தது. காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை ஒலிபெருக்கி இல்லாத இசைக்கு உரிமம் வேண்டாம். உரிமம் பெற்ற விடுதியில் 200 பேர் வரை கூடினால் ஒலிபெருக்கியோடும் வாசிக்கலாம் என்று அது சொன்னது. பின்னர் அந்த எண்ணிக்கை 500 ஆக உயர்ந்தது. ஒரு மரபு நீடிக்குமா என்பது கலைஞனின் தொண்டையைப் போலவே விண்ணப்பப் படிவத்தையும் பொறுத்தது என்று அந்த நாடு பட்டுத் தெரிந்துகொண்டது.

அப்படியானால் இங்கேயும் பாரில் பாட வேண்டியதுதானே என்று யாராவது கேட்டால், அவர் டாஸ்மாக் பாருக்குள் எட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். நம்முடைய மது வரலாறு திறப்பும் மூடலுமாகவே போனது. 1937-இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-இல் அது மாகாணம் முழுக்கப் பரவியது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1987-இல் கள்ளும் தடைக்குள் போனது. 1983-இல் மொத்த விற்பனைக்காக உருவான டாஸ்மாக், 2003-இல் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. குடிக்கும் இடம் உட்கார்ந்து பேசும், பாடும் இடமாக வளர இந்த அலைக்கழிப்பில் வாய்ப்பே இருக்கவில்லை. தண்ணீர் பாக்கெட்டும் சுண்டலும் ஈரத்தரையுமாக, வந்தோமா குடித்தோமா போனோமா என்று அமைந்துவிட்ட அந்த இடத்துக்குள் பெண்கள் கால் வைக்க முடியாது. எந்தக் கலைஞரும் தன் பிள்ளையை அங்கே பாட அழைத்துப் போகமாட்டார். பாடும் வீடுகளில் பலவற்றை அந்த வியாபாரம் என்ன செய்திருக்கிறது என்பதையும் மறக்க முடியாது. நட்சத்திர ஓட்டல்களின் பார்களில் இசை இருக்கிறது. ஆனால் பம்பைக்காரர் வாடிக்கையாளராக உள்ளே வர முடியாத இடத்துக்கு, கலைஞராக மட்டும் பின்வாசல் வழியாக வருவது வேறு விஷயம். கிளேர் மாவட்டத்து விடுதியில் ஃபிடில் வாசிப்பவரும் பக்கத்து மேசையில் கேட்பவரும் ஒரே விலைக்கு ஒரே பானத்தை வாங்கும் அண்டைவீட்டுக்காரர்கள். அந்தச் சமநிலைதான் அங்கே இசையைத் தாங்குகிறது. மதுவை எடுத்துவிட்டுப் பார்த்தால் மீதம் இருப்பவை இவைதாம்: மாறாத இடம், மாறாத கிழமை, மேடையில்லாமல் நடுவில் உட்காரும் கலைஞர்கள், யாரும் காரணம் சொல்லாமல் நுழையலாம் என்கிற உரிமை.

இந்த நான்கில் முதல் மூன்றும் நம்மிடம் ஏற்கெனவே இருந்தவை. சென்னையின் மேற்கு, தெற்குப் புறநகர்களில் ‘பஜனைக் கோயில் தெரு’ என்ற பெயர்ப் பலகை இல்லாத பகுதி அரிது. பழைய கிராமங்கள் ஒவ்வொன்றும் ஒரு பஜனைக் கோயில் வைத்திருந்ததன் மிச்சம் அது. கோபுரம், கொடிமரம் எல்லாம் கிடையாது; ஒரு கூடம், சுவரில் ராமர் படம், மூலையில் ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. சனிக்கிழமை ராத்திரி தெருக்காரர்கள் கூடிப் பாடுவார்கள். புரட்டாசியில் அது சூடு பிடிக்கும். மார்கழியில் விடியற்காலை வீதி சுற்றும். பாடுபவர் உழவர், தச்சர், மளிகைக்கடைக்காரர், கேட்பவரும் அவரே. கட்டணம் சுண்டல். ஆயினும் அது எல்லோருக்குமான இடமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊர்த்தெருவின் கூடத்துக்குள் சேரிக்காரர் நுழைய முடியாத காலம் நெடுங்காலம். பல இடங்களில் காலனியில் தனி பஜனைக் கோயில் எழும்பியதன் காரணமும் அதுதான். இன்று அந்தக் கூடங்களில் பலவற்றில் சனிக்கிழமைப் பாட்டை ஒலிநாடாவும் பென்டிரைவும் பாடுகின்றன. கட்டடம் இருக்கிறது, மைக் செட் இருக்கிறது, பாடியவர்களின் பிள்ளைகள் ஒரகடத்தில் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். பஜனைக் கோயிலை மீட்டெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், ஓரிடத்தில், கூடிப் பாடும் பழக்கம் இந்த ஊருக்கு அந்நியமில்லை என்பதற்கு அது சாட்சி. அதில் இல்லாமல் போன நான்காவதை, யாரும் நுழையலாம் என்பதை, சாதிக்கும் கோயிலுக்கும் கட்டுப்படாத ஒரு பொது இடம்தான் தர முடியும்.

இதற்கு எழும் மறுப்புகளில் கனமானது, இந்த இசை கேளிக்கை அல்ல என்பது. வர்ணிப்பு அம்மனை அழைப்பதற்கு, பாரதக் கூத்து மழைக்கும் ஊர் நலத்துக்குமான நேர்த்தி. சடங்கிலிருந்து பிய்த்தெடுத்தால் பாட்டு வெறும் ஓசையாகிவிடும் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பம்பையின் வேகம் ஏறும்போது மருள் வராத கூட்டத்துக்கு முன்னால் வர்ணிப்புக்காரர் பாதி இசையைத்தான் பாடுவார். ஆனாலும் இந்த வாதத்தை ஏற்பவர், கோயிலிலும் அரசவையிலும் இருந்த கர்நாடக இசை சபாவுக்கு வந்து டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பாடியபோது செத்துப்போயிற்றா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். 1928-இல் தொடங்கிய மியூசிக் அகாடமி அதைக் கொன்றதாக யாரும் புகார் சொல்வதில்லை. கூத்தும் சடங்கை விட்டு வெளியே வந்து நின்றிருக்கிறது: பெருங்கட்டூர் ராஜகோபாலும் கூட்டாளிகளும் 1990-இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்தி, ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்துக்குப் பெண்பிள்ளைகளைப் பழக்கியது, டி.எம். கிருஷ்ணாவின் கர்நாடகப் பாட்டோடு ஒரே மேடையில் கூத்தை நிறுத்தியது. பறையைப் பொறுத்தவரை இந்த மறுப்பு தலைகீழாகவே திரும்புகிறது. சாவுக்குப் பறையடிப்பது ஒரு சாதியின் மேல் சுமத்தப்பட்ட கடமை. அதை மறுத்து, பறையைச் சாவிலிருந்து பிரித்து மேடைக்குக் கொண்டுவந்ததே தலித் இயக்கத்தின் சாதனை. மணிமாறனின் புத்தர் கலைக்குழுவும், சகோதரி சந்திராவின் முயற்சியில் பெண்களே பறையடிக்கும் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவும் அந்த வழியில் வந்தவை. பறைக்குச் சடங்கு வேண்டும் என்பவர், யாருடைய சடங்கு, யாருடைய விருப்பத்தில் என்று சேர்த்தே சொல்லட்டும். கானாவுக்கும் இது பொருந்தும். சாவு வீட்டு நள்ளிரவுப் பந்தலில் பெண் பாடுவதற்கு இடமில்லாமல் இருந்தது. 2018-இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் மேடை அமைந்த பிறகுதான் இசைவாணியின் கானா வெளியே கேட்டது. 2020-இல் பிபிசியின் உலகப் பெண்கள் நூறுபேர் பட்டியலில் அவர் இடம்பெற்றார். சடங்குக்கு வெளியே ஓர் இடம் இருந்தால் யாரெல்லாம் பாட வருவார்கள் என்பதை அதற்கு முன் எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொரு மறுப்பு, இதெல்லாம் ஏற்கெனவே நடக்கிறதே என்பது. 2007-இல் தொடங்கி, ஆட்சி மாற்றத்தில் நின்று, 2023-இல் மீண்டும் வந்த ‘சென்னை சங்கமம்’ இருக்கிறது, பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் நடத்தும் ‘மார்கழியில் மக்களிசை’ இருக்கிறது. ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015-இல் தொடங்கிய விழா நடந்திருக்கிறது. மூன்றும் பெரிய காரியங்கள். மூன்றும் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களையே பிடித்துக்கொண்டவை. விழாவில் பத்து நிமிடத்துக்கு ஒரு கலை மேடையேறும்; கரகம் முடிவதற்குள் ஒயில் காத்திருக்கும்; ஒலிபெருக்கி எல்லாவற்றையும் ஒரே சத்தமாக்கிவிடும். கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தால் கலைஞருக்கு அடுத்த பதினோரு மாதம் பற்றி விழாவிடம் பதில் இல்லை. ஆட்சி மாறினால் விழாவே நின்றுவிடும் என்பதையும் பார்த்தாயிற்று. கேட்பவர் தரப்பிலும் ஒரு நஷ்டம் உண்டு. ஒரு பாட்டைப் பத்துப் பதினைந்து முறை கேட்டால்தான் காது அதற்குப் பழகும். முகவீணையின் கூரிய குரல் முதல் தடவை யாருக்கும் இனிப்பதில்லை. புறநகர்க் கல்யாண ஊர்வலங்களிலும் கோயில் புறப்பாடுகளிலும் இன்று கேரளத்துச் செண்டை மேளம் அதிரக் காரணம் நம் மேளம் மட்டம் என்பதில்லை. காதில் அடிக்கடி விழுவதையே ஆள் தேடிக் கூப்பிடுகிறோம். வாரந்தோறும் கேட்ட பம்பையை, அடுத்த வளைகாப்புக்கோ கடைத் திறப்புக்கோ கூப்பிடத் தோன்றும்.

காசு பற்றிய மறுப்புக்கு நேரடியாகவே பதில் சொல்லலாம். ஐரிஷ்காரர்கள் ஆசைக்கு வாசிக்கிறார்கள், நம் கலைஞர்கள் பிழைப்புக்கு வாசிக்கிறார்கள், சும்மா யார் வந்து பாடுவார் என்று கேட்கிறார்கள். சரியான கேள்வி. சும்மா பாடச் சொல்வது அநியாயம். ஆனால் அயர்லாந்தின் விடுதிகளிலும் பொதுவாக எல்லோரும் இலவசமாக வாசிப்பதில்லை. ஒவ்வொரு மாலைக்கும் இரண்டு மூன்று பேருக்கு விடுதிக்காரர் சம்பளம் கொடுக்கிறார். அவர்கள் கட்டாயம் வந்தாக வேண்டும், மழையானாலும் கூட்டமில்லாவிட்டாலும் தொடங்கியாக வேண்டும். மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். அந்த முறையையே இங்கே வைக்கலாம். மூன்று கலைஞர்களுக்குத் தலா 2,000 ரூபாய் என்று வைத்தால் வாரத்துக்கு 6,000. ஆண்டின் 52 வாரங்களுக்கு 3,12,000 ரூபாய். ஒரு நகராட்சிக்கு இது கால்வாய் ஒன்றைத் தூர்வாரும் செலவுகூட ஆகாது. கலைஞர்களைத் தேடி அலைய வேண்டியதுமில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் பதிவு செய்து அடையாள அட்டை கொடுத்திருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை மாவட்டந்தோறும் கலை நன்மணி, கலை முதுமணி என்று விருதும் கொடுக்கிறது. விருது பெற்றவர் வரும் புதன்கிழமை எங்கே பாடுவார் என்பதைத்தான் இன்னும் யாரும் யோசிக்கவில்லை.

சத்தத்துக்கு அக்கம்பக்கம் என்ன சொல்லும்? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. 2010-இல் வந்த திருத்தம் இசைக்கருவிகளையும் சேர்த்துக்கொண்டது. விழா நாட்களுக்காக நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. பத்து மணிக்குத் தொடங்கி விடிந்து முடியும் கலைக்கு இந்தக் கணக்கு எவ்வளவு இடையூறு என்பதைக் கூத்துக் குழுக்களைக் கேட்டால் தெரியும். ஒவ்வோர் ஊரிலும் காவல் நிலையத்தின் நல்ல மனசை நம்பித்தான் கூத்து விடிகிறது. அந்த விதியைத் திருத்த வேண்டும் என்பது தனிப் போராட்டம். வாராந்தர மாலைக்கு அந்தச் சிக்கலே கிடையாது. ஒலிபெருக்கி தேவையில்லாத அளவுக்குச் சின்னக் கூட்டம், ஆறரை மணிக்குத் தொடக்கம். முழு ராத்திரிக் கூத்தை மூன்று மணி நேரத்தில் அடைக்க முடியாதுதான், அடைக்கவும் கூடாது. கட்டியங்காரன் வருகை ஒரு வாரம், கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் நடக்கும் தர்க்கம் மறுவாரம் என்று துண்டு துண்டாகக் கேட்டுப் பழகியவர், ஆடியில் முழு ராத்திரிக்குப் பாய் எடுத்துக்கொண்டு போவார்.

பயணிகள் வந்து கெடுத்துவிடுவார்கள் என்ற பயத்தை என்னால் முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை. கிளேர் மாவட்டத்துக் கடலோர டூலின் கிராமத்தில் கோடையில் உள்ளூர்க்காரருக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். டப்ளினின் டெம்பிள் பார் பகுதியில் ஒலிபெருக்கி வைத்து, பயணிகளுக்குத் தெரிந்த நாலு பாட்டையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். போர்ச்சுகலின் லிஸ்பனில் ஃபாடோ பாட்டு 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கும் இரவு உணவோடு சேர்த்துப் பயணிகளுக்கு விற்கப்படும் ஃபாடோ ஒரு பக்கம், தெருமுனைச் சாப்பாட்டுக்கடையில் சமையற்காரரே எழுந்து பாடும் ஃபாடோ இன்னொரு பக்கம் என்று பிரிந்து கிடக்கிறது. பூந்தமல்லிக்கு அந்த ஆபத்து வர வெகுகாலம் ஆகும் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் முன்கூட்டியே ஒன்றைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. இந்த மாலையைச் சுற்றுலாத் துறையிடம் கொடுக்கக் கூடாது. நகராட்சியிடமும் கலைஞர்களிடமும் இருக்கட்டும். சுற்றுவட்டாரத்துக்காக நடப்பதைத் தேடி வந்து, ஓரமாக உட்கார்ந்து கேட்பவராகவே பயணி இருக்கட்டும். அப்படிப்பட்ட இடத்தைத் தேடித்தானே நல்ல பயணி அலைகிறார்.

இடம் எது என்பது கடைசிக் கேள்வி. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை 26.1 கிலோமீட்டருக்கு மெட்ரோவின் நான்காவது வழித்தடம் போடப்படுகிறது; ஓட்டுநர் இல்லா ரயிலின் சோதனை ஓட்டம் 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்துதான் தொடங்கியது. மெரினாவில் ரயிலேறுகிறவர் நேராக இங்கே வந்து இறங்கக்கூடிய ஒரு வசதி இந்த ஊருக்கு இதற்கு முன் இருந்ததில்லை. அந்த நிலையங்களின் கீழே தூண்களுக்கு நடுவில் நிழலான இடம் நிறைய இருக்கிறது. விட்டுவைத்தால் வாகன நிறுத்தமாகவும் விளம்பரப் பலகையாகவும் போய்விடும். அங்கே நூறு பேர் உட்காரக்கூடிய ஒரு திண்ணை, பக்கத்தில் ஒரு டீக்கடை, பெண்களுக்கும் கலைஞர்களுக்கும் சுத்தமான கழிப்பறை. புதன்கிழமை ஆறரை மணி என்று ஒரு பலகை. ஆடியில் பம்பைக்காரர்களுக்கும் பங்குனியில் கூத்துக்காரர்களுக்கும் கையில் வேலை இருக்கும்; அந்த மாதங்களில் கானாவும் பறையும், விருப்பப்பட்டால் திருமழிசையில் தங்கியிருக்கும் பிகார்த் தொழிலாளரின் டோலக்கும் அந்தத் திண்ணையைப் பார்த்துக்கொள்ளட்டும். நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் அந்த மாதம் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயிலில் எந்த நாள் கூத்து என்ற பட்டியலையும் ஒட்டிவிடலாம். ஊர்ப் பெரியவர்கள் தாம்பூலம் கொடுத்த கையோடு நகராட்சிக்கு ஒரு போன் செய்தால் போதும். ஒன்பதரைக்கு முடித்துவிட்டால் விதியும் தடுக்காது, ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் போகிறவர்களுக்குப் பேருந்தும் கிடைக்கும்.